கம்பஸ் வலையமைப்பில் பழைய அலுவலகக் கணினிகள்: புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு

வன்னியில் ஒரு கம்பஸில் தொழினுட்ப உதவியாளராகவோ பயிலுநராகவோ சேர்ந்திருக்கிறீர்கள் என்றால், உங்கள் மேசைக்கு முதலில் வருவது புதுக் கணினியாக இருக்காது. ஒரு கிளையில் பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்து, இப்போது வேறு கட்டடத்துக்கு மாற்றப்பட்ட ஒன்றாகத்தான் இருக்கும். “இதை நெட்டில போட்டுத் தாங்கோ தம்பி” என்று கொண்டுவந்து வைப்பார்கள். நீங்கள் வவுனியா பம்பைமடுவில் இருந்தாலும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருந்தாலும் அந்த வேலையின் ஒழுங்கு ஒன்றுதான்.

புதியவர்கள் பலர் நேரே விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பழைய கணினி வலையமைப்பில் ஏற மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு சின்ன மின்கலம், நைந்த வயர், அல்லது முன்பு இருந்த இடத்தில் யாரோ கைப்படக் கொடுத்துவிட்டுப் போன ஐபி முகவரி, அதாவது வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் எண். இவற்றை விண்டோஸைத் திரும்பப் போட்டுத் தீர்க்கப் பார்த்தால் அரை நாள் போகும். சிலவேளை ஒருவருடைய பத்து வருடக் கோப்புகளும் சேர்ந்து போகும். கீழிருந்து மேலே போங்கள். முதலில் மின்சாரமும் தூசியும், அப்புறம் நேரம், வயர், முகவரி. மென்பொருள் கடைசியில்.

கைவைக்க முன்

கணினியைப் பாவித்தவரிடம் பேசுங்கள். கணினியைத் திறந்து பார்ப்பதைவிட இதில் அதிகம் தெரியவரும். அந்த முகாமைத்துவ உதவியாளர் எதைத் திறந்து வேலை செய்கிறார், எந்தப் பிரின்டரில் அச்செடுக்கிறார், கோப்புகளை எங்கே வைக்கிறார் என்று கேளுங்கள். “எல்லாம் டெஸ்க்டொப்பிலதான் கிடக்குது” என்பார். அதை நம்பி அந்த ஓர் இடத்தை மட்டும் பிரதி எடுக்காதீர்கள். சி டிரைவின் வேரிலேயே ஒரு கோப்புறை, டி டிரைவில் முன்பு இருந்தவரின் பெயரில் இன்னொன்று, கணக்கு மென்பொருள் தன் தரவை வைத்திருக்கும் இடம், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் என்று எல்லாவற்றையும் பாருங்கள்.

எழுத்துருக் கோப்புறையை மறக்கவே கூடாது. எங்கள் பக்கத்து அலுவலகங்களில் பழைய கடிதங்கள் பெரும்பாலும் பாமினியில் அடித்தவை. பாமினி, எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் குறியீட்டு முறை அல்ல. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. மெய்யெழுத்தின் புள்ளிகூட அரைப்புள்ளி விசையில்தான் இருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒன்றும் விளங்காமல் கிடக்கும். கோப்பு பழுதாகவில்லை, எழுத்துருதான் இல்லை. ஆனால் இது தெரியாதவருக்கு நீங்கள் அவருடைய கடிதங்களை நாசமாக்கியது போலத்தான் தோன்றும். “என்ர பழைய கடிதமெல்லாம் போயிட்டுதே தம்பி” என்று ஓர் அக்கா பதறி நிற்பதைப் பார்க்க நேராமல் இருக்க, பாமினி எழுத்துருக் கோப்பை முதலே பிரதி எடுத்து உங்கள் பென்டிரைவில் நிரந்தரமாக வைத்திருங்கள்.

வன்தட்டில் டிக் டிக் என்று ஒழுங்கான சத்தம் வந்தால் வேறு எதையும் செய்யாமல் முதலில் தரவை எடுங்கள். அது கடைசி மூச்சாக இருக்கலாம்.

இன்வென்டரி இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டிறுதிப் பொருட்கணக்கெடுப்பு வரும்போது பெட்டி எந்த அறையில் இருக்கிறது என்று கேட்பார்கள். பின்பக்க வயர்களையும் வயர் கழற்ற முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

தூசியும் மின்சாரமும்

சோளகக் காற்று வீசும் மாதங்களில் வன்னியின் செம்மண் தூசி அடைத்த அறைக்குள்ளும் வந்துவிடும். பக்கத் தட்டைக் கழற்றினால், விசிறியும் அதன் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளும் சிவப்புப் படலமாக அடைத்துக் கிடக்கும். “பாவிக்கப் பாவிக்க ஸ்லோவாகுது, பிறகு தானா நிண்டுபோகுது” என்ற முறைப்பாட்டுக்கு இதுவே போதுமான காரணம். வெளி விறாந்தைக்குக் கொண்டுபோய்ப் புளோவரால் ஊதுங்கள். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றின் வேகத்தில் அது கண்டபடி சுழலக் கூடாது. செயலியின் மேல் உள்ள வெப்பப் பசை காய்ந்து உதிர்ந்திருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பயறளவு வைத்தால் போதும்.

கணினி பீப் சத்தம் போட்டுத் திரையில் ஒன்றும் காட்டாவிட்டால் ராமைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுபுள்ளிகளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டுத் திரும்பப் போடுங்கள். தாய்ப்பலகையில் உருளை வடிவக் கொள்ளளவிகளின் தலை வீங்கியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். வீங்கியிருந்தால் அந்தப் பலகையில் பணம் செலவழிக்க வேண்டாம்.

சுவர்ப் பிளக்கைப் பொறுத்தவரை ஒரு விஷயம் முக்கியம். பழைய வட்டப் பின் பிளக்கும் புதிய சதுரப் பின் சொக்கெட்டும் பொருந்தாமல், நடுவே ஓர் அடப்டரைச் செருகி, அதில் மண் இணைப்பு விடுபட்டுப் போயிருக்கும். பெட்டியைத் தொட்டால் கை கூசும். 230 வோல்ட் மின்சாரம் வரும் இடத்தில் இதை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். பராமரிப்புக் கிளைக்கு எழுதிக் கொடுத்துச் சரிசெய்வித்த பிறகே கணினியை வையுங்கள். யுபிஎஸ்ஸில் லேசர் பிரின்டரைச் செருகவும் கூடாது. அது சூடாகும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யுபிஎஸ் தாங்காது.

நேரம்: எல்லாரும் கடைசியில் பார்க்கும் முதற் காரணம்

தாய்ப்பலகையில் ஒரு ரூபாய்க் குற்றியைப் போல வட்டமாக ஒரு மின்கலம் இருக்கும். சிஆர் 2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், 3 வோல்ட். மின்வெட்டிலும் இரவில் மெயின் சுவிட்சை நிறுத்தும்போதும் நேரத்தைக் காத்து வைப்பது அதுதான். அது செத்துவிட்டால் ஒவ்வொரு காலையும் கணினி பல வருடம் பின்னால் போய் எழும்பும்; சில கணினிகள் எஃப் 1 விசையை அழுத்தச் சொல்லி நிற்கும்.

இதற்கும் வலையமைப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இன்றைய இணையத்தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழோடு வருகிறது. அதற்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணினி தன்னை 2009இல் இருப்பதாக நினைத்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. உலாவி “பாதுகாப்பற்ற இணைப்பு” என்று மறிக்கும். பாவிப்பவர் “நெட் வேலை செய்யுதில்லை” என்பார். வயரும் முகவரியும் முழுக்கச் சரியாக இருந்தும் இப்படி நடக்கும். கம்பஸின் மையக் கணக்கால் உள்நுழையும் கணினி என்றால் இன்னும் கண்டிப்பு. அந்த மையக் கணக்குகளை நடத்தும் விண்டோஸ் டொமைன், ஆளைச் சரிபார்க்கப் பாவிக்கும் கெர்பெரோஸ் முறை இயல்பாக 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது.

இலங்கைக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. 1996இல் நாட்டின் நேரத்தை முன்தள்ளினார்கள், பிறகு அதே வருடம் 6 மணித்தியாலத்துக்கு வைத்தார்கள், 2006 ஏப்ரலில் திரும்ப 5.30க்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில் ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்ற நேர வலயம் 6 மணித்தியாலமாகவே இருந்தது. பின்னர் வந்த திருத்தத்தைப் போடாத கணினியில், மூலையில் தெரியும் நேரம் சரியாக இருந்தாலும் உள்ளே அரை மணித்தியாலம் பிசகி நிற்கும். மிகப் பழைய கணினியில் நேரம் மட்டும் பார்த்தால் போதாது, வலயத்துக்குப் பக்கத்தில் 5.30 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மின்கலம் மாற்ற முன் பயோஸ் (விண்டோஸுக்கு முன் எழும்பும் அடிப்படை அமைப்பு) திரைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள். மின்கலம் கழன்றதும் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடலாம். வன்தட்டு இணைப்பு முறை மாறிவிட்டால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். படம் இருந்தால் பழைய முறைக்கு மாற்றி ஒரு நிமிடத்தில் மீட்கலாம். அப்புறம் நேரத்தை வலையமைப்பிலிருந்து தானாக எடுக்கும்படி வைத்துவிடுங்கள்.

வயர்

போர்ட்டில் வயரைச் செருகியதும் சின்ன விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் கணினிக்குள் எதையும் தேடாதீர்கள். நன்றாக வேலை செய்யும் இன்னொரு கணினியின் வயரைக் கழற்றி இங்கே செருகிப் பாருங்கள், பிறகு சுவர்ப் போர்ட்டை மாற்றிப் பாருங்கள். எலி கடித்த வயர், சுவர்ப் போர்ட்டுக்குள் கூடு கட்டிய குளவி, பல கணினிகளின் வயர்களை இணைக்கும் சுவிட்சுப் பெட்டிகள் நிற்கும் ராக்கில் யாரோ கழற்றிவிட்ட முனை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

முனை அடிக்க வேண்டி வந்தால் நிற ஒழுங்கை இரண்டு பக்கமும் ஒன்றாக வையுங்கள்: வெள்ளை செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை கபிலம், கபிலம். பழைய கணினியின் வலையட்டை செக்கனுக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஓடினால் 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளையே பாவிக்கும், அதாவது செம்மஞ்சள் சோடியும் பச்சைச் சோடியும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். பழைய கணினியில் நன்றாக ஓடிய அதே வயர் புதுக் கணினியில் அடிக்கடி விழுந்து எழும்புவதும், வேகம் 100ஐத் தாண்டாமல் நிற்பதும் பெரும்பாலும் நீல அல்லது கபிலச் சோடி அறுந்ததால்தான்.

செப்பு வயர் ஒரு ஓட்டத்தில் 100 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. எங்கள் கம்பஸ்களில் கட்டடங்கள் காணி பார்த்துத் தள்ளித் தள்ளி நிற்கின்றன. “பக்கத்துக் கட்டடத்துக்கு ஒரு வயர் இழுத்து விடுங்கோ” என்று கேட்பார்கள். தூரம் குறைவாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடிமழை இங்கே எவ்வளவு கடுமை என்று தெரிந்ததே, சித்திரையிலும் உண்டு. வெளியால் போகும் செப்பு வயர் இடியின் மின்னை இரண்டு முனையில் உள்ள சுவிட்சுக்கும் கணினிக்கும் கொண்டுபோகும். இரண்டு கட்டடங்களின் மண் இணைப்பும் ஒரே மின்னழுத்தத்தில் இராது என்பது வேறு ஆபத்து. கட்டடத்துக்குக் கட்டடம் ஒளியிழைதான், அது மின்சாரத்தைக் கடத்தாது.

செய்யவே கூடாத இரண்டு உண்டு. ஒரே வயரின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சிலோ அடுத்தடுத்த சுவர்ப் போர்ட்டிலோ செருகாதீர்கள். இதற்குத் தடுப்பு அமைக்காத சுவிட்சுகளில் தரவு சுற்றிச் சுற்றி ஓடி மாடி முழுவதும் வலையமைப்பு படுத்துவிடும். மேசை ஒதுக்கும்போது “இந்த முனை சும்மா தொங்குது” என்று யாரோ நல்லெண்ணத்தில் செருகிவிடுவதுதான் வழக்கம், ஆகவே தொங்கும் வயர்களை அன்றே அகற்றுங்கள். மற்றையது, வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து அதன் லான் போர்ட்டைச் சுவரில் செருகுவது. அது அயல் கணினிகளுக்கெல்லாம் தன் பாட்டில் முகவரி கொடுக்கத் தொடங்கும். ஓர் அறையில் வைஃபை வேண்டும் என்று வைத்த பெட்டியால் நிதிக் கிளை முழுவதும் சம்பள நாளில் இணையமின்றி இருக்கும்.

முகவரி

கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்துக் கிடைக்கும் முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் கணினி கேட்டும் எந்தச் சேவையகமும் பதில் சொல்லவில்லை, தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டது. வயர், சுவர்ப் போர்ட், அல்லது கணினி இன்னும் பதிவு செய்யப்படாதது என்ற மூன்றில் ஒன்று. உங்கள் கம்பஸ் பாவிக்காத ஓர் வீச்சில், உதாரணமாக 192.168.1 என்று வந்தால், மேலே சொன்ன வீட்டு ரவுட்டரைத் தேடிப் புறப்படுங்கள்.

முகவரி கைப்படக் கொடுக்கப்பட்டிருந்தால் தானாக எடுக்கும் நிலைக்கு மாற்றுங்கள். அங்கேயே டிஎன்எஸ் (இணையத்தளப் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை) என்ற இடத்தையும் பார்க்க வேண்டும். முகவரியைத் தானாக எடுக்கவிட்டு டிஎன்எஸ்ஸில் மட்டும் பழைய எண்ணை விட்டுவைத்திருப்பது மிகவும் சாதாரணம். அப்படியானால் ஓர் எண்ணுக்குப் பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) போகும், இணையத்தளம் திறக்காது. மூன்றாவதாக உலாவியின் புரொக்சி அமைப்பு, அதாவது இணையத்துக்கு நடுவே நிற்கும் சேவையகத்தின் முகவரி. முன்னைய அலுவலகத்தின் புரொக்சி அதில் உட்கார்ந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பக்கமும் வராது.

பல இடங்களில், வலையட்டைக்கே உரிய அடையாள எண்ணான மாக் முகவரியைப் பதிவு செய்த பிறகே இணைப்புக் கிடைக்கும். ஐபிகான்ஃபிக் கட்டளையோடு ஓல் (/all) சேர்த்து அடித்தால் இரண்டு இரண்டாகப் பிரித்த பன்னிரண்டு எழுத்துகளாக அது வரும். வைஃபை அட்டைக்கும் வயர் அட்டைக்கும் வெவ்வேறு மாக் உண்டு. செருகப்போகும் அட்டையினுடையதைக் கொடுங்கள். வலையட்டை பழுதாகி மாற்றினால் மாக்கும் மாறும், திரும்பப் பதிய வேண்டும்.

அப்புறம் பிங்கை ஒழுங்காகச் செய்யுங்கள். முதலில் வாயில் (உங்கள் வலையமைப்பிலிருந்து வெளியே போகும் வழி) முகவரி, அடுத்து டிஎன்எஸ் சேவையகம், அதற்கடுத்து வெளியே ஓர் எண், கடைசியில் ஒரு பெயர். எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லத் தெரிந்தால் வலையமைப்புப் பிரிவு உங்கள் அழைப்பை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும். “நெட் இல்லை” என்பதைவிட “வாயில் வரை போகுது, பெயர் மட்டும் தீர்க்குதில்லை” என்பது பாதி வேலை முடிந்த மாதிரி.

வைஃபை பற்றிச் சுருக்கமாக: அசையாத மேசைக் கணினிக்கு வயர் இருக்கும்போது வைஃபை வேண்டாம். மடிக்கணினிக்கு எடுரோம் தருவீர்கள், அதாவது ஒரே கணக்கால் மற்றக் கம்பஸ்களிலும் உள்நுழைய விடும் வைஃபை. இலங்கையில் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக அந்தச் சேவை வருகிறது. பயனர் பெயரை நிறுவனத்தின் முகவரி வாலோடு முழுதாக அடிக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உள்ளே வேலை செய்து வெளியூர்க் கம்பஸில் வேலை செய்யாத முறைப்பாடுகள் அதனால்தான் வருகின்றன.

இனி மென்பொருள்

விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8இலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இலும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல் செயலியானால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கிறது. ஆக உங்களிடம் வரும் பெட்டிகளில் பெரும்பகுதி அதற்குத் தகுதி பெறாது. தடையைச் சுற்றிப்போக வழிகள் இருந்தாலும் அலுவலகக் கணினியில் அதை நான் செய்யமாட்டேன். அடுத்த பெரிய புதுப்பித்தலில் என்ன ஆகும் என்று யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள்.

பிறகு என்ன வழி? முதலில் சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) போடுங்கள், ராமை 8 ஜிபி ஆக்குங்கள். ஒரு பழைய கணினிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி எஸ்எஸ்டிதான். ராம் வாங்கும்போது டிடிஆர் 3க்கும் 4க்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், பழையதைக் கையில் கொண்டுபோய்க் கடையில் ஒத்துப் பாருங்கள். அதன்மேல் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்எஃப்சிஈ பதிப்பைப் போட்டால் கடிதம், மின்னஞ்சல், இணையவழிப் படிவம் என்ற அளவுக்கு அந்தப் பெட்டி இன்னும் பல வருடம் உழைக்கும். பாமினி எழுத்துருவையும் அதில் போட்டால், லிப்ரே ஒபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் பழைய கடிதங்களும் திறக்கும். புதியவற்றை யுனிகோடில் அடிக்கப் பழக்குங்கள், பாமினி விசைப்பலகைக்குப் பழகிய கைக்கு அதே அமைப்பில் யுனிகோட் அடிக்கும் வழிகள் உண்டு.

விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் இருக்கும் மேசைக்கு லினக்ஸைத் திணிக்காதீர்கள். அந்த மேசைக்குத்தான் புதுக் கணினி கேட்டு எழுத வேண்டும், பழையது வேறு மேசைக்குப் போகட்டும்.

ஆய்வுகூடத்தில் ஓர் அளவீட்டுக் கருவியோடு எக்ஸ்பி கணினி கட்டுண்டு இருந்தால், அதை அப்படியே ஓடவிட்டு வலையமைப்பு வயரைக் கழற்றிவிடுங்கள். “ஃபைல் ஷெயார் வேலை செய்யுதில்லை” என்பதற்காகப் புதிய கணினிகளில், விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பியின் முதலாம் பதிப்பைத் திரும்ப இயக்குவதும் கூடாது. 2017 மேயில் உலகம் முழுக்க வைத்தியசாலைகள் வரை முடக்கிய வன்னாக்ரை என்ற தீநிரல் பரவியது அந்த வழியால்தான். தரவை ஒரு தனிப் பென்டிரைவால் எடுத்து, வைரஸ் பார்த்துவிட்டு மற்றக் கணினியில் போடலாம்.

ஒரு கணினியின் தட்டை அப்படியே பிரதி செய்து பல கணினிகளுக்குப் போட்டால் ஒவ்வொன்றின் பெயரையும் மாற்றுங்கள். கிளை, அறை, இலக்கம் சேர்ந்த பெயர் வைத்தால் பின்னால் தேட இலகு.

கழற்றிய பழைய தட்டில் இன்வென்டரி இலக்கத்தையும் திகதியையும் எழுதி அலுமாரியில் பூட்டி வையுங்கள். பரீட்சைக் கிளைத் தட்டு என்றால் அதில் மாணவரின் புள்ளிகள் இருக்கும். கழிக்கும் நாளில் முழுதாக அழித்த பிறகே கைமாற வேண்டும்.

மேசைக்குக் கொண்டுபோகும்போது

உங்கள் அறையில் வேலை செய்தது அங்கே வேலை செய்யும் என்று விட்டுவிட்டு வராதீர்கள். பாவிப்பவரையே உட்கார வைத்து, அவர் அன்றாடம் செய்யும் வேலையை உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள்: ஒரு பழைய கடிதம் திறக்கட்டும், ஒரு தாள் அச்சாகட்டும், பொதுக் கோப்புறை திறக்கட்டும். நாளாந்தக் கணக்கு சாதாரணப் பயனர் கணக்காக இருக்கட்டும், நிருவாகி கடவுச்சொல் பிரிவில் இருக்கட்டும். பிரின்டரை ஒரு கணினி வழியாகப் பகிராமல் நேரே வலையமைப்பில் இணைத்து, அதற்கு மாறாத முகவரி கேட்டு ஒதுக்கிவிட்டால் ஒரு கணினியை நிறுத்தியதால் மற்றவர் அச்செடுக்க முடியாத நிலை வராது.

இடி முழங்கும்போது மின் பிளக்கோடு வலையமைப்பு வயரையும் கழற்றச் சொல்லிக் கொடுங்கள். பிளக்கை மட்டும் கழற்றும் பழக்கம் எல்லாரிடமும் உண்டு, மற்ற வயர் வழியாகவும் மின் வரும் என்பது பலருக்குத் தெரியாது. எந்த வயர் என்று கையில் பிடித்துக் காட்டுங்கள், அதில் ஒரு மஞ்சள் டேப்பையும் சுற்றி விடுங்கள்.

கடைசியாகப் பெட்டியின் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர். கணினிப் பெயர், மாக் முகவரி, சுவர்ப் போர்ட் இலக்கம், மின்கலம் மாற்றிய திகதி. இதே நான்கும் பிரிவின் பதிவேட்டிலும் இருக்கட்டும்.